ஜட்கா நின்ற வாசல்

குதிரைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

வண்டிக்காரன் ரெமிஜியஸ்தான் செத்துக் கிடந்தான்! 1931-ல், பெங்களூர் கண்டோன்மென்ட்டில், பட்டப்பகலில்.

லாடத்தில் சிக்கிய கல்லை எடுக்க இறங்கியவன் மேல், மரக்கடை நடத்தும் சந்தானத்தின் மோட்டார் ஏறியது. ஒரு தடவை இல்லை... இரண்டு தடவை!

மூன்று மாதம் கழித்து, கோர்ட். ரெமிஜியஸின் மனைவி பவுலின் நஷ்ட ஈடு கேட்டிருந்தாள்.

"பதட்டத்துல ரிவர்ஸ் எடுத்துட்டேங்க," என்றார் சந்தானம், கூண்டில் நின்று. "அந்த ஆளை நான் முன்னே பின்னே பார்த்ததே இல்ல. அவன் ஜட்காவுல ஏறினதும் இல்ல. சத்தியம்!"

அவருடைய வக்கீல் வெங்கடசுப்ரமணியன் எழுந்தார்.

"செத்தவன் மொடாக்குடியன், யுவர் ஹானர். அவனாத்தான் வந்து விழுந்தான். சாராயக்கடையைக் கண்டா அவன் குதிரையே தானா நின்னுடும்!"

"பொய்!" பவுலின் அலறினாள். தன் வக்கீல் சேஷகிரியிடம் திரும்பினாள். "ஐயா, குடிகாரன்னு எழுதிட்டா நஷ்ட ஈடும் போச்சு, அந்த மனுஷன் பேரும் போச்சு. அவரு சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்ல!"

மல்லேஸ்வரம் சேஷகிரி வரிசையாகப் பதினோரு கேஸ் தோற்றவர். பன்னிரண்டாவதற்கு அவர் பயப்படவில்லை.

"குதிரை வாசல்லதானே நிக்கறது? லகானை விட்டுடுவோம். எங்க நிக்கறதுன்னு பார்த்துடலாமே!"

நீதிபதிக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

"ஆகட்டும். நடந்தா தூக்கமாவது போகும்."

குதிரையின் பெயர் ராணி. அது காலி ஜட்காவை இழுத்துக்கொண்டு முன்னால் போக, பின்னால் கோர்ட்டே நடந்தது.

முதல் சாராயக்கடை. ராணி நிற்கவில்லை.

இரண்டாவது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

மூன்றாவது கடை வாசலில் ஒரு தும்மல் போட்டது. அவ்வளவுதான்.

பவுலின் அழுதே விட்டாள். "பார்த்தீங்களா ஐயா!"

"போதும்... திரும்பலாம்!" என்றார் சந்தானம். முகமெல்லாம் வேர்வை.

"ஏன் சார்? கால் வலியா?" கேட்டவர் சப்-இன்ஸ்பெக்டர் ஓஸ்வால்ட்.

ராணி காக்ஸ் டவுனுக்குள் திரும்பியது. சர்ச்சைத் தாண்டி, ஒரு சந்து. சந்துக் கோடியில் பச்சை கேட்.

நின்றது!

கேட் திறந்தது. ஐந்து வயதுச் சிறுமி ஓடி வந்தாள்.

"ஹை... ராணி!"

குதிரையின் மூக்கைத் தடவியவள் கூட்டத்தைப் பார்த்தாள். நேராகப் போய் சந்தானத்தின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா!"

சேஷகிரியே வாயைப் பிளந்தார். அவர் எதிர்பார்த்தது சாராயக்கடைகளோடு முடிந்திருந்தது.

சிறுமியின் பின்னால் அவள் அம்மா பியாட்ரிஸ் வந்தாள்.

"என்னங்க இவ்வளவு பேரு? ரெமிஜியஸ் அண்ணன் கோலார்லேர்ந்து வந்துட்டாரா? நம்ம கல்யாணத்தை உங்க மாமனார்கிட்ட சொல்லிடறேன்னு போனவரு... மூணு மாசமா ஆளையே காணோமே!"

மரக்கடை மாமனாருடையது. அது ஊருக்கே தெரியும். பச்சை கேட் விவகாரம் தெரிந்த ஒரே வெளியாள், சந்தானத்தை ஜட்காவில் இங்கே கொண்டுவந்து விட்டவன்... ரெமிஜியஸ்!

பவுலின் சந்தானத்தின் சட்டையைப் பிடித்தாள்.

"வேணும்னேதானே ஏத்தினே? பாவி!"

ஓஸ்வால்டின் கை சந்தானத்தின் தோளில் விழுந்தது.

"நஷ்ட ஈடு உண்டு," என்றார் நீதிபதி, தூக்கம் சுத்தமாகப் போயிருக்க. "கொலையை செஷன்ஸ் கோர்ட் பார்த்துக்கட்டும்."

ஓஸ்வால்ட் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"சாட்சி பேரு, ராணி. வயசு ஏழு. தொழில், ஜட்கா. சத்தியம் வாங்கணுமா சார்?"

"வேண்டாம்," என்றார் சேஷகிரி. "சத்தியம் பண்ணினவர் சொன்ன பொய்யே இந்தக் கேஸுக்குப் போதும்!"