ஆஃப்லைனில் ஒரு சுவர்

காலையில் தன் கையாலேயே வைத்த பச்சை டிக்கை இப்போது காணோம்.

ஒரு டிக்குக்கா இத்தனை அலட்டல் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். கிளவுடில் போட்டுவைத்த கோப்புக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை டிக் இருந்தால், நெட் போனாலும் கோப்பின் ஒரு நகல் லேப்டாப்புக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது என்று பொருள். டிக் இல்லையென்றால் கண்ணுக்குத் தெரிவது வெறும் பெயர்ப்பலகை, சரக்கு வேறெங்கோ. அன்று மாலை தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் படாரென்று வெடித்துக் கரண்ட் போனது, கரண்டோடு நெட்டும் போனது. தெருவே வாசலுக்கு வந்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தபோது, "எனக்கென்ன, என் வேலையெல்லாம் ஆஃப்லைன்ல இருக்கு" என்று எதிர்வீட்டுக்காரியிடம் கொஞ்சம் மிதப்பாகவே சொல்லிவிட்டு, மாடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தவளுக்குத்தான் இந்தப் பெயர்ப்பலகை.

தெருவில் அவளுக்குப் பிளான்காரி என்று பேர். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் வீட்டு வரைபடம் போட்டுத் தருகிறவள். தன் வீட்டில் உட்கார்ந்து போட அவளுக்கு ஓர் இடம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலைதான் ஆபீஸ். பாத்திரம் வந்தால் லேப்டாப் நகரும். விருந்தாளி வந்தால் லேப்டாப் கட்டிலுக்கடியில் போகும். மேஜைக்கு வலப்பக்கம் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் புறம் மாமியார் அறை. மாமியார் இருந்தவரை அந்த அறையைப் பற்றிப் பேச்செடுக்க முடியாது. அவர் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் கழித்து, நடுச்சுவரை இடித்துவிட்டு அங்கே தன் வேலைக்கு ஒரு கூடம் போட்டுக்கொள்வது என்று புருஷனைச் சம்மதிக்க வைத்திருந்தாள். எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்பது இரண்டு வீடு தள்ளியும் கேட்டது.

நாளைக் காலையில் கொத்தனார் வருகிறார். படம் தயாராக இருந்தால் மத்தியானத்துக்குள் சுவர் போய்விடும். இல்லையென்றால் மனுஷன் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பெட்டி படுக்கையோடு "எங்க அம்மா ரூம்" என்று வந்து இறங்குவாள். இறங்கியவளை ஏற்றி அனுப்ப யாராலும் ஆகாது.

புருஷன் வேலையாக வெளியூர் போயிருந்தான். போனில் நெட் வரவில்லை. பேச மட்டும் ஒரு கோடு சிக்னல் இருந்தது. கூப்பிட்டாள்.

"என்னங்க, என் பிளான் ஃபைலைத் தொட்டீங்களா?"

"நானா? அதை எப்படித் திறக்கிறதுன்னே எனக்குத் தெரியாது."

"ஆஃப்லைன் டிக் போயிருக்கு. திறக்க மாட்டேங்குது."

"விட்டுடேன். ஒருவேளை அம்மாவுக்கே இதுல இஷ்டமில்லையோ என்னவோ."

"இருந்தப்பவே அவங்க இஷ்டத்தைக் கேட்டுக்கிட்டு நான் உக்காரல. வைங்க போனை."

அடுத்து, அந்தச் சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி மையம். காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டை ஓட விட்டார்கள். ஃபிரிட்ஜ், ஃபேன், பக்கத்து வீட்டு டிவி என்று சதா இரைந்துகொண்டிருந்ததெல்லாம் அடங்கிவிட்ட வீட்டில், அந்தப் பாட்டுக்கு நடுவே, இத்தனை நாள் இரைச்சலுக்கடியில் அமுங்கிக் கிடந்த சின்னச் சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாகத் தலைநீட்டின: குழாய் சொட்டுகிற சத்தம், மரச்சட்டம் முறுக்கிக்கொள்கிற சத்தம், சுவருக்கு அந்தப் புறம் யாரோ செருப்பைக் காலால் தேடித் தேடிப் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு சரசரப்பு. கூடவே, மூட்டுவலித் தைலத்தின் காரமான வாசனை. அறையைக் கழுவி விட்டு, கட்டிலை விற்று, தைல பாட்டிலை அவளே குப்பையில் போட்டு மாதமாகிறது. துணிமூட்டையில் ஒட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். துணியை முகர்ந்து பார்த்தாள். வெயில் வாசனைதான் வந்தது.

"வணக்கம் மேடம்," என்றது ஒரு பெண் குரல். "டிஸ்க்ல இடம் இருக்கான்னு பாருங்க. இடம் பத்தலைன்னா சாஃப்ட்வேரே டிக்கை எடுத்துடும்."

பாதி டிஸ்க் காலியாகக் கிடந்தது.

"சாஃப்ட்வேரை நிறுத்திட்டு மறுபடி ஓட விடுங்க."

விட்டாள். பெயர்ப்பலகை பெயர்ப்பலகையாகவே நின்றது.

"வேற எந்த மெஷின்லயாவது உங்க கணக்கு திறந்திருக்கா?"

"மாமியாரோட டேப்லெட் ஒண்ணு இருந்தது. அதுல என் கணக்கை மூடி நாத்தனாருக்குக் கொடுத்தாச்சு. இப்போ இது ஒண்ணுதான்."

"சரி, டிக் போனாலும் பழைய நகல் உள்ளே எங்கயாவது கிடக்கும். நான் சொல்ற ஃபோல்டருக்குப் போங்க."

போனாள். நகல் கிடந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று அவளுடையது. இன்னொன்றின் பெயரோடு "முரண்பட்ட நகல்" என்று ஒட்டியிருந்தது.

"ஒரே ஃபைலை ரெண்டு பேர் மாத்தினா அப்படி வரும் மேடம். சாஃப்ட்வேர் யார் பக்கமும் சாயாது, ரெண்டையும் வெச்சுக்கும். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும். சொல்லலைன்னா கடைசியா சேமிச்சது நிக்கும். எப்போ மாத்தினதுன்னு போட்டிருக்கா?"

"அரை மணி நேரம் முன்னாடி. ஆனா இங்கே நெட்டே இல்லை."

"நெட் எப்போ போச்சு?"

"அது ஆகுது ஒரு மணி நேரம்."

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"அப்படி வராதே மேடம். நெட் இல்லாதப்போ வெளியிலேருந்து யாரும் தொட முடியாது. அந்த லேப்டாப் முன்னாடி உக்காந்துதான் மாத்தியிருக்கணும்."

"நான் மாடியில துணி எடுத்துக்கிட்டிருந்தேன்."

"வீட்ல வேற யாராவது..." என்றது குரல். அதோடு சிக்னலும் செத்தது.

முரண்பட்ட நகலைத் திறந்தாள்.

அவள் படத்தில் அழித்துவிட்டிருந்த நடுச்சுவர் மறுபடி நின்றது. இருந்ததைவிட இரண்டு மடங்கு தடிமனாக. அந்தப் பக்கம், விற்றுத் தொலைத்த கட்டில், அது கிடந்த அதே மூலையில் வரையப்பட்டிருந்தது. அளவுகள் வேறு எழுதியிருந்தன. பிளான்காரி எழுதினால் மில்லிமீட்டரில் எழுதுவாள். இங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் "ஒன்பது சாண்" என்று இருந்தது. எதையும் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை நீட்டிச் சாணால் அளக்கிற ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார். ஜன்னல் திரைக்கும் சாண்தான், அலமாரிக்கும் சாண்தான், பெண் பார்க்க வந்த அன்றைக்கு மருமகளின் ரவிக்கைத் துணிக்கும் சாண்தான்.

முதுகுத்தண்டில் ஒரு குளிர் ஓடியது. ஓடி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு சுவரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

"செத்தும் ஒரு அடி விட்டுத்தர மாட்டீங்க, இல்ல அத்தை?"

மாமியார் கோபமாக இருந்தால் பேச மாட்டார்; சாமானை இடம் மாற்றி வைப்பார். அதனால் படத்தை இன்னொரு முறை உற்றுப் பார்த்தாள். சமையலறைக் கதவைக் காணோம். கதவு இருந்த இடத்தில் ஒரே நேர்க்கோடாகச் சுவர்.

"அடிச் சக்கை. பட்டினி போடப் பாக்கறீங்களா?"

சிரித்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. லேப்டாப் பேட்டரியும் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. மெழுகுவர்த்தி எடுக்கச் சமையலறைக்குப் போனாள். இருட்டானால் என்ன, தினம் நூறு தடவை நடக்கிற வழி. கண்ணைக் கட்டிவிட்டாலும் போவாள். நடந்து, கையை நீட்டி, கதவைத் தள்ளினாள்.

கையில் சுண்ணாம்பு பட்டது.

இடப்பக்கம் தடவினாள். சுவர். வலப்பக்கம். சுவர். மேலே, கீழே, கால்விரலால் வாசற்படியைத் தேடினாள். வழுவழுவென்று, ஈரம் காயாத புதுப்பூச்சு. காதை வைத்தாள். உள்ளே, எட்டாத இடத்தில், குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் வாசலைப் பார்த்து ஓடியிருப்பார்கள். வாசல் கதவு அப்போது இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். அவள் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பவும் செய்தாள். ஓடினால் நாளைக்குக் கொத்தனார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார். அப்புறம் ஆயுசுக்கும் அந்த மேஜை மூலை.

திரும்பி வந்தாள். நாற்காலியில் சூடு இருந்தது. அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

சமையலறைக் கதவை மறுபடி வரைந்தாள். சேமித்தாள்.

இருட்டுக்குள் கீல் முனகுவது கேட்டது. கதவு தானாகத் திறந்து, ஃபிரிட்ஜின் புளித்த காற்று முகத்தில் வந்து மோதியது.

"ஓஹோ," என்றாள் பிளான்காரி. "அப்படியா சங்கதி."

படம் சொல்வதை வீடு கேட்கிறது. யார் வரைந்தாலும் கேட்கிறது. வரைய வேண்டுமானால் இந்த நாற்காலியில் உட்கார வேண்டும். சரி. இதை விட்டு எழுந்தால்தானே? தாகம் எடுத்தது, எழவில்லை. முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, திரும்பவில்லை. தைல வாசனை தோள் உயரத்தில் வந்து நின்றது. மூக்கைச் சுளித்தாளே தவிர, நகரவில்லை.

"நிக்கறதுன்னா நில்லுங்க அத்தை. இது எனக்கு வேலை நேரம்."

சாஃப்ட்வேர் கேட்டது: எந்த நகல் வேண்டும்?

"என்னுடையது மட்டும்" என்பதில் அழுத்தினாள்.

இடி விழவில்லை, புழுதி பறக்கவில்லை. லேப்டாப் வெளிச்சம் இதுவரை வலப்பக்கச் சுவரில் மோதி நின்றுகொண்டிருந்தது. இப்போது மோத ஒன்றுமில்லாமல் நீளமாக அந்தப் பக்கம் ஓடி, கடைசி ஜன்னலின் கம்பிகள் வரை போய் விழுந்தது. சுவர் இல்லை. எத்தனை பெரிய கூடம்! அவள் மனசுக்குள் வரைந்து வரைந்து பார்த்ததைவிடப் பெரிது. இங்கே மேஜை, அங்கே அலமாரி, ஜன்னலோரம் பிரிண்டர். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம்தான் மூலையைப் பார்த்தாள். அவள் நகலில் இல்லாத அந்தக் கட்டில் கிடந்தது. விரிப்பு கசங்கியிருந்தது. நடுவில் ஒரு பள்ளம், இப்போதுதான் ஆள் எழுந்துபோன மாதிரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளம் மெல்ல மேலெழும்பிச் சமமானது.

செருப்புச் சத்தம் நின்றது.

நாற்காலி மெத்தை 'புஸ்' என்று பெருமூச்சு விட்டு ஓரங்குலம் கீழே இறங்கியது.

அவள் அசையவில்லை. அது இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஒரு ஆளின் கனம். அவள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில். தொடைமேல் தொடை. விலாவுக்குள் விலா. காதோரம் மூச்சு இல்லை. மூச்சு இருக்க வேண்டிய இடத்தில் தைல வாசனை.

திரையில் அம்புக்குறி நகர்ந்தது. அவள் நகர்த்தவில்லை.

கடைசி ஜன்னலின் கோடு அழிந்தது. கூடத்தின் கோடியில் கம்பிகள் மங்கி, சுண்ணாம்பாகிப் போயின.

"எடுங்க கையை," என்றாள்.

அடுத்த ஜன்னல் போனது. தெருவில் யாரோ சிரிப்பது கேட்டுக்கொண்டிருந்தது. பாதிச் சிரிப்பில் அறுந்தது.

அவள் ஜன்னலை வரைந்தாள். அழிந்தது. வரைந்தாள். அழிந்தது. நடுச்சுவரை மட்டும் அந்தக் கை திரும்ப வரையவேயில்லை. அதை விட்டுக்கொடுத்துவிட்டது. கூடம் உனக்கே இருக்கட்டும் என்பதுபோல.

வாசல் கதவு போனது.

வரைந்தாள். வெளியே தாழ்ப்பாள் குலுங்கியது. அழிந்தது. மறுபடி வரைந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு. கன்னம் நனைந்துகொண்டே.

"என் வீடு அத்தை. நானும் எழ மாட்டேன்."

பேட்டரி சிவப்பாகிக் கண் சிமிட்டியது. கதவு வந்தது. போனது. வந்தது. போனது.

திரை அணைந்தது.

நான்கு பக்கமும் சுவராகிவிட்ட அந்தப் பெரிய கூடத்தில் பொட்டு வெளிச்சம் இல்லை. அவள் விரல்கள் இன்னும் கீபோர்டின் மேல்தான் இருந்தன, ஒன்றும் அழுத்தாமல், விறைத்துப்போய். அவற்றுக்கடியில், பட்டன்கள் ஒவ்வொன்றாக, நிதானமாக, தாமாகவே அமுங்கிக்கொண்டிருந்தன.