நீலவரிப் பூச்சி

பூச்சி சேகரிக்கிற தோரோல்டு ஐயா சேத் வாகார்னுக்குத் தர வேண்டியது ஏழு பவுண்டு பத்து ஷில்லிங்.

சேத் என்னோடு கென்ட் காட்டில் மரம் வெட்டியவன். கையெழுத்துக்குப் பதில் சிலுவைக்குறி போடுவான். அதன் இடக்கால் நீண்டிருக்கும். நீலவரி அந்துப்பூச்சி பிடித்துத் தந்தால் அந்தத் தொகை என்று ஐயா வாக்குக் கொடுத்திருந்தார். மரத்தில் உட்கார்ந்தால் மரப்பட்டையும் அதுவும் ஒரே சாம்பல். மேல் சிறகை விலக்கினால்தான் அடிச்சிறகில் வரி தெரியும்.

சேத் கொண்டுவந்ததை ஐயா விலக்கிப் பார்த்தார்.

"செவ்வரி. ஆறு பென்னி பெறாது."

"நான் நீலத்தப் பாத்தேங்க," என்றான் சேத்.

லாந்தர் பிடித்திருந்தவன் நான். நானும் நீலத்தைத்தான் பார்த்தேன். ஐயாவிடமிருந்து இரண்டரை ஷில்லிங் என் பைக்குள் வந்தது. சிவப்பு என்று சொன்னேன்.

அந்தக் குளிர்காலத்தில் சேத் இருமி இருமியே செத்தான். அடுத்த செப்டம்பரில், வாடகை பாக்கிக்காக அவன் மனைவி ஈடியை வீட்டைவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். அப்போதும் நான் ஐயாவுக்கு லாந்தர் பிடித்துப் போனேன். பூச்சிகளை இழுக்க, ரம் கலந்த பாகை மரந்தோறும் பூசிக்கொண்டு போனார்.

"ஐயா, ஈடிக்கு ஏதாச்சும் பாத்துக் குடுங்க."

"செவ்வரிக்கு ஏழு பவுண்டா? நீயும்தானேடா சிவப்புன்னே. வெளிச்சத்த நேராப் பிடி."

திரும்பும்போது கடைசி மரத்தில் ஒரு பூச்சி. ஐயா குச்சியால் தொட்டார். சிறகு விரிந்தது.

நீலம்.

பக்கத்தில் இன்னொன்று. பிறகு மரம் முழுக்க.

மரத்துக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"நீலந்தான்," என்று ஐயா முனகினார். "அவன் கொண்டாந்ததும் நீலந்தான்."

லாந்தர் அணைந்தது. நான் ஓடினேன்.

காலையில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே மரத்தில் முதுகு சாய்ந்து, இரண்டு கையும் விரித்து, பாகில் ஒட்டி நின்றார் ஐயா. பூச்சி கொல்லும் நச்சுப்புட்டி பையில் மூடி திறக்காமல் கிடந்தது. அதன் கசப்பு வாதுமை வாடை அவர் வாயிலிருந்து வந்தது. மார்பில் ஓர் ஊசி. பிடித்த பூச்சிக்கெல்லாம் அவர் குத்துகிற சீட்டு அதில் தொங்கியது. ஊர், தேதி. பிடித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிலுவைக்குறி.

இடக்கால் நீண்டிருந்தது.

திரும்பும் வழியில் ஈடி தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். கையில் பாகு ஒட்டிய பணம்.

"ராத்திரி யாரோ சன்னல்ல வச்சிருக்காங்க, ஜெத்ரோ. ஏழு பவுண்டு ஏழரை ஷில்லிங். சேத் சொன்ன கணக்குக்கு இன்னும் இரண்டரை குறையுது."

நான் எண்ணி அவள் கையில் வைத்தேன்.

"தீந்துது," என்றாள்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினேன். முதுகில் ஓர் ஊசி, ஒரு சீட்டு. ஊரும் தேதியும் எழுதியிருந்தது.

சிலுவைக்குறி மட்டும் போடவில்லை.