கொக்கி விழுந்த ஊசி

"ஐயோ...!"

அந்த அலறல் மொட்டைக் கோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஸ்ரீரங்கம். 1941, மார்கழி. வைகுண்ட ஏகாதசிக்கு இன்னும் மூன்றே நாள். யாத்ரீகர்களுக்குக் காலரா ஊசி போடும் கொட்டகை.

நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார் வீரராகவன். பள்ளிக்கூட வாத்தியார். தோளிலிருந்து முழங்கை வரை ரத்தம்!

எதிரே ஊசியும் கையுமாக விறைத்து நின்றாள் நர்ஸ் பாக்கியமேரி. பாலக்கரைப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"கொன்னுட்டா... என் ஆத்துக்காரரைக் கொன்னுட்டா!"

தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள் சத்யபாமா. வீரராகவனின் மனைவி. அதே கொட்டகையில் தொண்டு செய்பவள். கொதித்த ஊசிகளை இடுக்கியால் எடுத்து நர்ஸின் தட்டில் வைப்பது அவள் வேலை.

பத்தே நிமிஷத்தில் சப்-இன்ஸ்பெக்டர் மருதை வந்துவிட்டார்.

"ஆள் இருக்காரா, போயிட்டாரா?"

"மயக்கம்தாங்க. நாடி நல்லா இருக்கு," என்றார் பக்கத்து மேஜையில் ஊசி போடும் கம்பவுண்டர் அமிர்தராஜ்.

மருதை நர்ஸின் பக்கம் திரும்பினார்.

"கை சீழ் பிடிச்சு ஏதாவது ஆச்சுன்னா வேலையும் போச்சு, ஜெயிலும் நிச்சயம். தெரியுமாம்மா?"

பாக்கியமேரிக்குக் கண் கலங்கியது. ஆனால் பேச்சு தடுமாறவில்லை.

"தோள் சதைக்கு நடுவுலதான் சார் குத்தினேன். நேரா. பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால இழுத்து, ரத்தம் வரலைன்னு பார்த்துட்டுத்தான் மருந்தை விட்டேன். ஊசியை வெளிய எடுக்கறப்பதான் சதையைக் கிழிச்சுது!"

"ஏன் கிழிக்குது?"

"நுனி மடங்கிக் கொக்கி விழுந்திருக்கு. தினம் கொதிக்க வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஊசியையும் பஞ்சுல இழுத்துப் பார்ப்பேன். கொக்கி இருந்தா பஞ்சு மாட்டும். இன்னிக்கு மாட்டினது ஆறு. சாணை பிடிக்கறதுக்காக அந்தக் கிண்ணத்துல ஒதுக்கி வெச்சேன்."

மருதை கிண்ணத்தில் இருந்ததை எண்ணினார்.

ஐந்து!

"ஓஹோ... ஒண்ணு தட்டுக்குத் திரும்பிப் போயிருக்கு. அதுவும் கொதிக்காமலே!"

சடாரென்று கம்பவுண்டரை நெருங்கினார்.

"உம்ம மேஜையில ஈ ஓட்டறீர். இந்தப் பொண்ணு முன்னால வரிசை தெருவரைக்கும் நிக்குது. வயித்தெரிச்சல்... இல்லே?"

"எரிச்சல்தான் சார்! இருபது வருஷ சர்வீஸ் எனக்கு. நேத்து வந்த பொண்ணுகிட்ட ஊரே போய் நிக்குது. சோறு இறங்கலை! ஆனா கொதிக்காத ஊசியை ஒரு மனுஷன் உடம்புல ஏத்த விடமாட்டேன். அது மட்டும் நம்மால ஆகாது."

சொன்ன விதத்தில் பொய் இல்லை. மருதைக்கே தெரிந்தது.

பூதக்கண்ணாடியை எடுத்து, வாத்தியாரைக் கிழித்த ஊசியின் நுனியைப் பார்த்தார். மயிரிழையாக ஒரு நூல்... பச்சை நூல்!

"பஞ்சு வெள்ளையாத்தானே இருக்கும்?"

அவர் பார்வை கொட்டகையைச் சுற்றி வந்து சத்யபாமாவின் பச்சைப்பட்டு முந்தானையில் நின்றது. ஓரத்தில் இழை ஒன்று உருவிக்கொண்டு தொங்கியது.

"நர்ஸம்மா செய்யறதைப் பார்த்து, நல்லா மாட்டுதான்னு நீங்களும் முந்தானையில இழுத்துப் பார்த்தீங்களாம்மா?"

சத்யபாமா வெடித்தாள்.

"ஆமா, நான்தான்! ஒருத்தருக்கு ஒரு ஊசி போதும். இவர் நாலு நாளா தினம் வந்து இவகிட்ட கையை நீட்டறார்! பார்த்துப் பார்த்து நெஞ்சு பத்திண்டு எரிஞ்சுது. ஒரு தடவை வலிச்சா அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டார்னு நினைச்சேன்!"

பாக்கியமேரி திகைத்தாள்.

"நாலு தடவையா? சத்தியமா தெரியாதுங்க! நான் தோளைத்தான் பார்ப்பேன். முகத்தைப் பார்க்க நேரம் ஏது?"

பேசிக்கொண்டே காயத்தைக் கழுவி டிங்க்சரை வைத்தாள்.

"ஆ...!"

வீரராகவன் எழுந்து உட்கார்ந்துவிட்டார்!

"பாமா... எல்லாம் காதுல விழுந்தது. உன்னைப் பார்க்கத்தாண்டி வந்தேன்! பத்து நாளா விடியறதுக்கு முன்னாடியே இங்கே வந்துடறே. ஆத்துல பேசறதுக்கு நாதியில்லே. ஊசி வரிசையில நின்னாத்தான் உள்ளே விடறான்!"

கொட்டகையே உச்சுக் கொட்டியது. சத்யபாமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். பாவி, கட்டின புருஷனைப் போய்...

சட்டென்று விம்மல் நின்றது.

"ஏன்னா... கம்பவுண்டர் வரிசை காலியாத்தானே இருந்தது? அதுல ஏன் நிக்கலை?"

வீரராகவன் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் போட்டா... வலிக்குமேடி!"

மருதை சிரிப்பை அடக்கிக்கொண்டு நர்ஸைப் பார்த்தார்.

"உன் மேல தப்பில்லேம்மா. புகார் எழுதித் தரியா? இந்தம்மாவை உள்ளே வெச்சுடலாம்."

பாக்கியமேரி சத்யபாமாவைப் பார்த்தாள். சத்யபாமாவோ கணவனைப் பார்த்தாள்... பிறகு மெல்லக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"புகாரெல்லாம் வேண்டாம் சார்," என்றாள் பாக்கியமேரி அவசரமாக. "போறப்போ அந்த மீதி அஞ்சு ஊசியையும் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க!"