பின் பிரேக் ஏன் சுட்டது?

மாலை நான்கு மணி. பயிற்சி ஓட்டம் முடிந்து பந்தயக் கார் ஷெட்டுக்குள் நுழைந்தபோது அதன் பேட்டரியில் துளி மின்சாரம் இல்லை.

"பேட்டரி எங்கேயோ கசியுது. முத்திரையை உடைச்சு வேற மாத்திடுவோம்" என்றார் மேனேஜர்.

பேட்டரி இன்ஜினியர் குறுக்கே வந்து நின்றாள். பந்தய அதிகாரிகள் வைத்த அந்த முத்திரையை உடைத்தால், நாளைய பந்தயத்தில் கடைசி இடத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும். காரை ஓட்டுபவளோ அவளுடைய சொந்த அண்ணி.

"அரை மணி நேரம் குடுங்க சார்."

அந்தக் காருக்குப் பெட்ரோல் இன்ஜினோடு ஒரு மின்சார மோட்டாரும் உண்டு. நேர்ப்பாதையில் மோட்டார் பேட்டரியைக் குடித்துக் காரைத் தள்ளும். பிரேக் பிடித்தால் அதுவே ஜெனரேட்டராக மாறி, பின் சக்கரங்களின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கும். இதையெல்லாம் பதிவு செய்யும் பெட்டி, காலை மழையில் நனைந்து செத்துக் கிடந்தது.

பின் சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக் கையை உதறிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"பின் பிரேக் அடுப்பு மாதிரி கொதிக்குதும்மா. கிளவுஸ் போட்டும் சுட்டுடுச்சு."

"முன் பிரேக்?"

"எப்பவும் போலத்தான்."

"நேத்து பின்னாடி இப்படிச் சுட்டுச்சா?"

"இல்லையே."

அவள் முகம் மலர்ந்தது. வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்த அண்ணியிடம் போனாள்.

"கொண்டை ஊசி வளைவுல பிரேக் எப்படி இருந்துச்சு அண்ணி?"

"வெண்ணெய் மாதிரி."

"யாரோ பின்னாடியிருந்து இழுக்கறாங்கன்னு நேத்து சொன்னீங்களே?"

"அது நேத்து" என்ற அண்ணி, பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

இன்ஜினியர் மேனேஜரைக் கூப்பிட்டாள். "பேட்டரி கசியல சார். செலவு ஆச்சு, வரவு வரல. ஜெனரேட்டர் வேலை செஞ்சா பாதிச் சுமையை அதுவே தாங்கிக்கும், பின் பிரேக் இவ்வளவு சுடாது. இன்னைக்கு மொத்தமும் பிரேக் தலையில விழுந்திருக்கு. ஸ்டியரிங்ல இருக்கற சுவிட்சைத் திருப்பி ஜெனரேட்டரை நிறுத்தினது எங்க அண்ணிதான்."

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இழுக்குதுன்னு சொன்னா, என் கால்லதான் கோளாறுன்னு நீ சொன்னே. அதான் ஒரு சுத்து நிறுத்திப் பார்த்தேன். ஓட்டின சந்தோஷத்துல திரும்பப் போட மறந்துட்டேன்."

"வந்ததும் சொல்லியிருக்கலாமே?"

"நீ திட்டுவியே."

மேனேஜரே சிரித்துவிட்டார். நாத்தனார் அன்றைக்கே அந்தக் கொண்டை ஊசி வளைவில் மட்டும் ஜெனரேட்டரின் இழுப்பைக் குறைத்து, மற்ற வளைவுகளில் கூட்டி வைத்தாள்.

மறுநாள் அண்ணி முதலாவதாக வந்தாள். மேடையிலிருந்து இறங்கியதும் கோப்பையை நாத்தனார் கையில் திணித்தாள்.

"இதைப் பிடி. எனக்குப் பசி உயிர் போகுது" என்று சொல்லிவிட்டு, சாப்பாடு எங்கே என்று தேடிக்கொண்டு போனாள்.