குலுக்கக் கூடாத பாட்டில்

மழைக்குப் பயந்து படியில் ஓடி வந்தவள் நேராக அவன்மேல் மோதினாள்...

"குலுக்காதீங்க!"

இரண்டு கையாலும் ஒரு பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான், பச்சைப்பிள்ளையைத் தூக்கி வருகிறவன் மாதிரி.

"இடிபட்டது நான். நீங்க பாட்டிலை விசாரிக்கிறீங்க?"

"உள்ள இருக்கறது பாலிமர்ங்க. நீள நீளமா இழை. வேகமா அசைச்சா அறுந்துடும், அப்புறம் வெறும் தண்ணிதான்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... நனைந்த இமையைத் துடைக்கவும் மறந்து நின்றாள். ஆள் பரவாயில்லை, வாய்தான் ஆகாது என்று முடிவு கட்டினாள்.

இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம். ரப்பரில் முடி அகலத்துக்கு சேனல் என்ற குட்டி வாய்க்கால் வார்ப்பது அவள் வேலை. அதில் தன் திரவத்தை ஓட்டிப் பார்ப்பது அவன் வேலை. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் திரவம் அது. அதில் மிதந்து வரும் குட்டி மணிகள் சுவரை விட்டு நகர்ந்து, நடுவில் ஒற்றை வரிசையாகப் போக வேண்டும். பிறகு ரத்த அணுக்களையும் அப்படியே வரிசைப்படுத்தலாம். அவனுக்கு 'பசை' என்று பட்டப்பெயர்கூட வைத்துவிட்டாள்.

அப்போதுதான் வந்து சேர்ந்தாள், ரத்தப் பரிசோதனைக்கூடத்து டாக்டரம்மா. மணிகள் வரிசைக்கு வந்துவிட்டால் பசைக்கு அவள் கூடத்துக்கே மாற்றல் கிடைக்குமாம். இப்போதே ஒரே திரைக்கு முன்னால் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்து... சிரிப்பு வேறு. இவளுக்கு வயிறு எரிந்தது. நான் வார்த்த சேனலை வைத்துக்கொண்டு இதுகள் குலாவுதுகளே...

அன்றைக்கு மணிகள் வரிசைக்கு வரவில்லை. கண்டபடி ஓடின.

"சேனல்ல கோளாறோ?" என்றான் பசை.

காரணம் அவளுக்குத் தெரியும். காலையில் டாக்டரம்மா அவசரப்பட்டு, கலக்குகிற மெஷினில் பாட்டிலை வைத்து முழு வேகத்தில் சுற்றவிட்டதைப் பார்த்திருந்தாள். வாயை மூடிக்கொண்டால் போதும், சோதனை தோற்கும், அவன் இங்கேயே இருப்பான்... ஆனால் அவன் முகம் வாடிக் கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அதோடு, அந்தம்மா வாங்கிக் கட்டிக்கொள்வதையும் பார்க்கலாமே.

சொல்லிவிட்டாள்.

"ஐயோ, சாரி..." என்றாள் டாக்டரம்மா.

"பரவாயில்லைங்க, வேற கலக்கிக்கலாம்" என்று சிரித்தான் அவன்.

பரவாயில்லையாமே! விருட்டென்று வராந்தாவுக்கு வந்தாள். பின்னாலேயே அவனும் வந்தான்.

"என்ன கோபம்?"

"தெரியாம இடிச்சதுக்கு என்மேல கத்துனீங்க. அவங்க மொத்தத்தையும் கெடுத்துட்டாங்க, கொஞ்சுறீங்க."

"அவங்ககிட்ட எனக்கென்னங்க கோபம்? கூட வேலை பாக்கறவங்க. உங்களைப் பாத்தாதான்... வாய் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது." தயங்கினான். "புதுசா கலந்தா மணி வரிசைக்கு வந்துடும். நான் போக வேண்டியிருக்கும். போகட்டுமா?"

வெளியே மழை வலுத்தது.

"போங்க. வேலை ஜெயிக்கணும். ஆனா அந்தம்மாகிட்ட சிரிக்கறதைப் பாதியா குறைச்சுக்கங்க."

"ஏனாம்?"

"எனக்குப் பிடிக்கலை."

"அதான் ஏன்?"

அவள் நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள்.

"உங்களைப் பிடிச்சிருக்கு... அதான்."