காட்டில் கற்ற சொல்

மைனா அதை முதன்முதலில் சொன்னது எந்த நாள் என்று மருதம்மாளால் பிறகு ஒருபோதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மழை விட்டிருந்த ஓர் அந்தி என்பது நினைவிருந்தது. அந்த மழையும் வேறு ஏதோ ஒரு நாளின் மழையாக இருக்கலாம். ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது, வாசலில் அவள் புருசன் பரஞ்சோதி ரப்பர் பால் வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான், அத்தாப்பு ஓலைக் கூரைக்கும் பலகைச் சுவருக்கும் இடையில் இருந்த சந்து வழியாக மைனா உள்ளே வந்து துணிக்கொடியில் உட்கார்ந்து சிறகை உதறியது. அடுப்பில் இரண்டு சொட்டு விழுந்து சுரீரென்றது. பிறகு அது சொன்னது.

"அக்கா, இங்க இருட்டா இருக்குக்கா."

குரல் அவள் தம்பி முருகையாவுடையது. அதில் ஆச்சரியம் இல்லை. மைனாவின் எல்லாச் சொல்லும் அவன் குரல்தான். பாடாங் மேஹா சாலையில் ஒரு மலாய்க்காரரிடம் இறகு முளைக்காத குஞ்சாக அதை வாங்கி வந்தவன் அவன். தினமும் வேலை முடிந்து வந்து கூடையை வேட்டியால் மூடி, கேட்கிறவர்களுக்கு அலுத்துப்போகும்வரை ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுவான். சரியாகச் சொன்னால் ஒரு ஊசிமிளகாய். ஒரு வாக்கியம் படிய இருபது நாளாவது ஆகும். ஒன்றரை வருடத்தில் அது கற்றவை இரண்டே. ஒன்று, "சோறு போடுக்கா." மற்றது, "கங்காணி வந்துட்டாரு, ஒளி." இரண்டாவதைக் கேட்டு லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் சிரித்திருக்கின்றன.

மூன்றாவதாக ஒன்றை அவன் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு மாதத்துக்கு முன் ஒரு விடியலில், ஒப்பந்தம் முடிய இரண்டு வருடம் மீதி இருக்கையில், மேற்கு ஓரத்துக் காட்டு வழியாக அவன் ஓடிவிட்டான். கோலா கெடா படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், படகுக்காரர்கள் பெயர் கேட்க மாட்டார்கள் என்று போகுமுன் சொன்னான். மைனா பகலெல்லாம் மேய்வதும் அந்தக் காட்டில்தான்.

"இங்க சொல்லியிருப்பான்" என்றான் பரஞ்சோதி. "விளக்குல எண்ணெ தீந்துச்சே ஒரு நாளு. அன்னிக்கி."

"ஒரு நாளு சொன்னா அது புடிச்சுக்குமா?"

"புடிச்சிருச்சே. அப்புறம் என்ன."

எண்ணெய் தீர்ந்த அந்த நாளை மருதம்மாள் நினைத்துப் பார்த்தாள். முருகையா படுத்திருந்தான். ஏதோ சொன்னான். இருட்டு என்றுதான் சொன்னானா? நினைக்க நினைக்க அவன் சொன்னது போலவும் இருந்தது, சொல்லாதது போலவும் இருந்தது. ஆனால் ஒன்று அவளுக்குத் தெரியும். அந்தப் பறவை ஒருமுறை கேட்டதைச் சொல்லாது. எங்கோ ஒருவன் இந்த வாக்கியத்தை நாள்கணக்கில், இடைவிடாமல், யாருமில்லாத இடத்தில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

தம்பி உயிரோடு இருக்கிறான் என்று அன்று நினைத்தாள். காட்டில் எங்கோ கால் முறிந்து கிடக்கிறான். அவனுக்கும் அவளுக்கும் இடையே இருப்பது இந்தப் பறவை ஒன்றுதான்.

ஓய்வு நாளில் ஒரு குவளைச் சோற்றைத் துணியில் கட்டிக்கொண்டு மேற்கு ஓரம் போனாள். ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நேர்கோட்டில் நின்று, ஓர் ஓடைக்கரையில் சட்டென்று முடிந்தன. ஓடைக்கு அப்பால் யாரும் நடாத மரங்கள். அங்கிருந்து வந்த காற்றில் ஊறின பலகையின் வாடை. அவள் தலைக்கு மேலே மைனா பறந்து அந்த இருளுக்குள் போனது. அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பூச்சிகளின் இரைச்சல் நின்றது. அவள் கூப்பிடுவதை நிறுத்திய பிறகும் அது தொடங்கவில்லை. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு கேட்பது போன்ற அமைதி. ஓடையைத் தாண்ட அவள் கால் எழவில்லை. சோற்றைக் கல்மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அன்று மாலையும் மைனா அதையே சொன்னது. அறைகளைப் பிரிக்கும் நடுப்பலகைக்கு மேலிருந்து பக்கத்து அறை நவமணியின் குரல் கேட்டது.

"மருதம். தம்பி வந்திருக்கானா? எங்கிட்ட சொல்லு. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"மைனாதான்க்கா அது."

"மைனாவா. எங்க வீட்டுக்காரரு கொறட்டைய அது படிச்சிராம பாத்துக்க. ஒரு கொறட்டைக்கே நான் தூங்க முடியல."

மூச்சு விடாமல் நவமணியால் இருக்க முடியாது. மூன்றாம் நாள் பெரிய கங்காணி வந்தார். அரிக்கேன் விளக்கோடு ஏணிப்படிக்குக் கீழே குனிந்து, லயத்தைத் தாங்கி நிற்கும் கால்களுக்கிடையே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மேலே ஏறி வந்து பாயைக் காலால் புரட்டினார்.

"கங்காணி வந்துட்டாரு, ஒளி" என்றது மைனா.

யாரும் சிரிக்கவில்லை.

"சோத்த எடுத்துக்கிட்டு காட்டோரம் போனியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார் கங்காணி. குரலை உயர்த்தவே இல்லை. "இது எங்க பறக்குதோ அங்க நீ போற. ஓடுனவனுக்குச் சோறு போட்டா யாரு ஜெயிலுக்குப் போவாங்க தெரியுமா? உம் புருசன். நான் ஒரு வார்த்த சொன்னா போதும்."

"அய்யா, அது வெறும் பறவைங்க" என்றான் பரஞ்சோதி.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள எறகை வெட்டிரு. இல்லன்னா நான் வந்து கழுத்தத் திருகுவேன்."

அவர் போனார். பரஞ்சோதி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தான்.

"வெட்டுனா வலிக்காது. நகம் மாதிரிதான். ஆறு மாசத்துல மொளச்சிரும்."

"ஆறு மாசம் அவன் அங்க கெடப்பானா?"

"அங்க இருக்கான்னு நீ சொல்ற. நான் சொல்லல."

"வெட்டிட்டா அவனுக்கு வேற யாரு இருக்கா?"

அவன் பாயை விரித்தான். அவன் பயந்திருக்கிறான் என்பதும், அந்தப் பயம் நியாயமானது என்பதும் அவளுக்குத் தெரிந்தன. ஒரு பக்கம் புருசன். மறு பக்கம் தம்பி. நடுவில் கொடியில் உட்கார்ந்து, மஞ்சள் கன்னத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டு, உள்ளங்கையளவு பறவை. தோட்டத்துக்கு நான்கு எல்லை. அவளுக்கும் அவ்வளவுதான். இங்கிருந்து விருப்பப்பட்ட நேரத்தில் வெளியே போய் வர முடிந்த ஒரே உயிர் அதுதான்.

வெள்ளி போயிற்று. சனிக்கிழமை அந்தியில் மைனா வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தது. கொடிக்குப் போகாமல் தரையில் இறங்கி, அவளை நோக்கித் தத்தித் தத்தி வந்தது. தலையைச் சாய்த்தது.

"அக்கா, நாங்க நெறைய பேரு இருக்கோம்."

நடுப்பலகைக்கு அப்பால் நவமணியின் அகப்பை நின்றது.

நவமணியிடம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கியது மருதம்மாள்தான். பரஞ்சோதி பிடித்துக்கொண்டான். பறவையின் நெஞ்சு அவன் விரல்களுக்குள் துடிப்பது இறக்கையின் நுனிவரை தெரிந்தது. இறக்கையை விசிறிபோல விரித்தாள். கறுப்பின் நடுவே வெள்ளைப் பட்டை. வெட்டும்போது காய்ந்த ஓலை நறுக்கும் சத்தம். ஒன்று. இரண்டு. மைனா கத்தவில்லை, கொத்தவும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. விழுந்த இறகுகளை அடுப்பில் போட்டாள். தலைமுடி கருகும் வாடை அறையைவிட்டுப் போகவே இல்லை.

கூரைச் சந்தின் வழியையும் பரஞ்சோதி பலகை அடித்து மூடினான். விடிகாலை வேலைக்குப் போகும்போது கூடையை மூலையில் வைத்து, கதவுக்கு வெளிப்பூட்டுப் போட்டார்கள். மதியம் இரண்டு மணிக்குத் திறந்தார்கள். கங்காணி ஒருமுறை வந்து இறக்கையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மைனா பழையதை மட்டுமே சொன்னது. நாளாக ஆக அதையும் குறைத்தது. மருதம்மாளுக்குத் தூக்கம் வந்தது. தூக்கம் வருவதற்காக அவள் வெட்கப்பட்டாள்.

நான்காம் வாரம் ஒரு மதியம். கூடையைத் திறந்து வாழைப்பழம் வைத்தாள். மைனா பழத்தைத் தொடவில்லை. வெட்டிய இறக்கையைச் சற்று விரித்துக் காட்டுவது போல நீட்டி, முருகையாவின் குரலில், அவன் அதைக் குஞ்சாக வைத்திருந்தபோது பேசிய அதே குழைந்த குரலில் கேட்டது.

"எறகு மொளச்சிருமாக்கா?"

பரஞ்சோதி வாளியைக் கீழே வைத்தான்.

"நாமதான் பேசிக்கிட்டோம்" என்றான். "மொளைக்கும் மொளைக்கும்னு. அதப் புடிச்சிருக்கும்."

"அவங் குரல்லயா?"

மருதம்மாள் கூடையைத் தூக்கினாள். அடியில், பலகையின் இடுக்கில், பச்சையாக ஏழெட்டு மிளகாய்க் காம்புகள் கிடந்தன. அந்த வீட்டில் இரண்டு மாதமாக ஊசிமிளகாய் வாங்கவில்லை.

அவள் யோசித்தது மெதுவாகத்தான். இறக்கை வெட்டி இருபத்துமூன்று நாள். பறவை வெளியே போகவில்லை. சந்து மூடியிருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது. இருபது நாள் சொல்லாமல் எதுவும் அதற்குப் படியாது. அப்படியென்றால் விடியலிலிருந்து இரண்டு மணிவரை, யாருமில்லாத இந்த அறைக்குள், கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் ஒருவன்.

இத்தனை நாள் பறவைதான் அங்கே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காய்ச்சல் என்று சொல்லி மருதம்மாள் வேலைக்குப் போகவில்லை. தானும் உடனிருப்பதாகச் சொன்னான் பரஞ்சோதி. இருவரும் நின்றால் கங்காணி வருவார் என்று அவனை அனுப்பினாள். உள்ளிருந்து குறுக்குக் கட்டையைப் போட்டாள். கூடையைத் திறந்து வைத்து, எதிர் மூலையில் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். தம்பிதானே என்று சொல்லிக்கொண்டாள். தம்பிக்குப் பயப்படுவார்களா?

வெயில் ஏறியது. அத்தாப்பு நெட்டி முறித்தது. தூரத்தில், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. லயத்தில் ஒரு ஜீவன் இல்லை. பலகை இடுக்குகள் வழியே விழுந்த வெயில் கோடுகள் தரையில் மெல்ல நகர்ந்து, கூடையைத் தொட்டு, ஏறின.

ஒரு கோடு அணைந்தது.

வெளியே யாரோ கடந்து போவது போல அடுத்த கோடு. அதற்கடுத்தது. காலடி இல்லை. ஏணி முனகவில்லை. எல்லாக் கோடுகளும் அணைந்தன. அணைந்தபடியே இருந்தன. ஊறின பலகையின் வாடை.

மைனா நிமிர்ந்து நின்றது. அறையின் நடுவே, வெற்றிடத்தைப் பார்த்தது. எதையோ கேட்பது போலத் தலையைச் சாய்த்தது.

"இருக்கேன்" என்றது.

முருகையாவின் குரல் இல்லை. சளி கட்டிய ஒரு கிழவனின் குரல்.

மௌனம். ஒரு பெயரைக் கூப்பிடும் அளவுக்கு மௌனம்.

"இருக்கேன்." ஒரு இளம்பெண்.

மௌனம்.

அதே சொல்லைத் தெலுங்கில் ஒருவன். பிறகு ஒரு சிறுபிள்ளை, நாக்குத் திருந்தாமல். விடியுமுன் பெரட்டுக் களத்தில் கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவரும் சொல்லும் சொல் அது. இங்கே பெயர்கள் கேட்கவில்லை. பதில்கள் மட்டும்.

"இருக்கேன்." இந்தக் குரல் அவளுக்குத் தெரியும். மூன்றாம் லயத்துக் காளியம்மா. போன வருடம் ஓடியவள். ஜித்ரா பக்கம் ஒருத்தனைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள் என்று தோட்டம் முழுக்கச் சொன்னார்கள். ஓடிப்போன எல்லோரைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள்.

மௌனம்.

"இருக்கேன்."

அது தம்பி.

அழ நினைத்தாள். முடிந்துவிட்டது என்று நினைத்தாள். இனி போய்விடுவார்கள்.

மௌனம். ஒரு பெயரின் அளவு.

மைனா பதில் சொல்லவில்லை.

மெல்லத் திரும்பியது. அவளைப் பார்த்தது.

மௌனம். மறுபடியும், அதே அளவு.

காத்திருந்தது. அந்த இருட்டில் இன்னும் பலரும் அவள் பக்கம் திரும்பிக் காத்திருப்பது அவள் தோலுக்குத் தெரிந்தது. எழ முடியவில்லை. பற்களை இறுக்கினாள். கையால் வாயைப் பொத்தினாள். கையை யாரும் தொடவில்லை. அது தானாகவே இறங்கியது.

அவள் வாய் திறந்தது.

இரண்டு மணிக்கு வந்து கதவை உடைத்தவன் பரஞ்சோதி. அவன் ஒப்பந்தம் முடிந்ததும் பினாங்கில் ஊருக்குக் கப்பல் ஏறினான். அவள் உடன் போகவில்லை. நவமணி கடைசி லயத்துக்கு அறை மாற்றிக்கொண்டாள். முருகையாவின் எலும்பு எங்கும் கிடைக்கவில்லை. மைனாவுக்கு ஆறாம் மாதம் இறகு முளைத்தது. கூடையைத் திறந்து போட்டும் அது பறக்கவில்லை. மருதம்மாள் அதே தோட்டத்தில் இன்னும் பத்தொன்பது வருடம் ரப்பர் மரம் சீவினாள். அந்த நாளுக்குப் பிறகு பெரட்டில் தன் பெயர் வரும்போது அவள் 'இருக்கேன்' என்று சொன்னதே இல்லை. கங்காணி முகத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார்.