நாற்பத்திரண்டு உமேஷ்

பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் ஒன்று வந்திருந்தது. மென்பொருள் சோதனை தொடங்கும்போது வாடிக்கையாளர் பட்டியல் காலியாக இருக்கவேண்டும்; தபீதாளின் மடிக்கணினியில் ஒரு பெயர் இருந்தது. உமேஷ்.

அவளுக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவன். சோதனைகளுக்கான முன்னேற்பாட்டை எல்லாக் கோப்புக்கும் பொதுவான ஒரு குளோபல் வேரியபிளில் போட்டு, மாதிரி வாடிக்கையாளருக்கு விளையாட்டாகத் தன் பெயரையே வைத்திருந்தான். நாற்பத்திரண்டு சோதனைக் கோப்புகளும் அந்த ஒரே உமேஷைத்தான் பங்குபோட்டுக்கொண்டன. போன மழைக்குப் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் பைக்கோடு தண்ணீரில் போய்விட்டான். அப்புறம் அந்தப் பெயரை அழிக்க யாருக்கும் மனசு வரவில்லை.

ஏரிக்கு இரண்டு தெரு தள்ளித் தபீதாள் தனியாக இருந்தாள். மூன்று வாரமாக, சோதனையை ஓட்டும் ஒவ்வொரு தடவையும், மழையின் இரைச்சலுக்கும் பக்கத்து வீட்டு மோட்டாரின் உறுமலுக்கும் நடுவே வாசல் கேட்டின் கொண்டி ஒரே ஒரு முறை டங் என்றது. பிறகு அழுகிய ஆகாயத்தாமரை நாற்றம் கதவிடுக்கு வழியே மெல்ல நுழைந்து அவள் காப்பி டம்ளர் வரைக்கும் வந்து நின்றது. எட்டிப் பார்த்தால் படியில் ஈரச் சுவடு, ஒரு ஜோடி.

"அந்தப் பேரத் தொடாதம்மா," என்றார் டீம் லீட் ஜெபசீலன், போனில். "இருந்துட்டுப் போகட்டும்."

"எங்க வீட்டு வாசல்லல்ல சார் நிக்குது? தூக்கத்தான் போறேன்."

பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. வீட்டைக் காலி பண்ணிவிட்டு ஓடுவதா? முடியவே முடியாது.

பட்டப்பகல் மூன்று மணிக்கு உட்கார்ந்தாள். குளோபலை அழித்தாள். தனிக் கோப்பில் ஒரு ஃபங்ஷன்: எந்தச் சோதனை கேட்டாலும் அதற்கென்று புதிதாக ஒரு வாடிக்கையாளரை உண்டாக்கிக் கொடுக்கும். இனி யாரும் பங்குபோட வேண்டாம். பழைய வரிகளை வெட்டி அதில் ஒட்டி, நாற்பத்திரண்டு கோப்புகளிலும் இம்போர்ட் செய்து இணைத்தாள்.

ஓட்டினாள். எல்லாம் பச்சை, ஒன்றுகூடத் தவறவில்லை. கொண்டி சத்தமில்லை.

"ஒழிஞ்சியா?" சிரித்தே விட்டாள்.

டங்.

டங். டங்.

நிற்கவில்லை. மோட்டார் ஓய்ந்திருந்தது. நாற்றம். டங்.

திரையைப் பார்த்தாள். ஒட்டிய வரி. உமேஷ் என்ற பெயரை மாற்றவில்லை; கோப்புக்கு ஒரு புது உமேஷ்.

எழுந்தாள். கதவைத் திறந்தாள்.

தெருவில் முழங்கால் தண்ணீர். கேட்டிலிருந்து தெருமுனை வரை அதே நனைந்த சட்டை, அதே முகம். ஒருவன் மேல் ஒருவன் படாமல், நாற்பத்திரண்டு பேர். பார்வை மட்டும் தனித்தனி.

"இது என் வீடு," என்றாள். "ஒருத்தனும் உள்ள வரக்கூடாது."

யாரும் அசையவில்லை. கேட் திறந்துதான் இருந்தது.